ஒன்பது மாதப் படிவம்

பிப்ரவரி 10, 2019. ஞாயிறு

இந்த நோட்டு துப்பாக்கிக்காக. வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மனைவி மயிலாவின் உடம்பு விஷயத்துக்கு ஃப்ரிட்ஜ் மேல் தனி நோட்டு இருக்கிறது. காலையில் மூன்று மாத்திரை, மாலையில் மூன்று. பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ஏழு நாள் நிறுத்த வேண்டும். சாப்பிட்டதும் அவளே டிக் போட்டுவிடுவாள். குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தாயிற்று, கல்லீரலுக்குப் போனதற்குத்தான் இந்த மாத்திரை. அது அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கு வருகிறேன். எழுபத்தாறில் கோயமுத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது என்.சி.சி. முகாமில் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியில் எனக்கு ஐந்து குண்டுகள் கொடுத்தார்கள். சுட்டது இரண்டு விநாடிகூட இருக்காது. இலக்கில் பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரு குண்டு வெடித்த வேகத்திலேயே அடுத்ததை அது தானாக உள்ளே இழுத்துக்கொண்ட விதம் மறக்கவில்லை. நான் மெஷின்காரன். லேத்தில் நாற்பது வருஷம் நின்றவன். அப்படி ஒரு வேலைப்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே ஆசை.

அமெரிக்காவில் அது முடியும், வளைந்து வளைந்து. எண்பத்தாறாம் வருஷம் மே மாதத்துக்கு முன்னால் அரசாங்கப் பதிவில் ஏறிய தானியங்கித் துப்பாக்கிகளை மட்டும் தனியார் கைமாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் ஏறாது. அதனால் இருப்பதுதான் இருக்கிறது. நாற்பது நிமிட தூரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் வெஸ்லி நேற்று போன் செய்தார். கனடாவில் செய்த பிரென் ஒன்று வந்திருக்கிறதாம்.

மயிலாவிடம் சொன்னேன். "ஏனுங்க, கீழ ரூமுல ஆறு கெடக்குது. ஏழாவது எதுக்குங்க?" என்றாள்.

"அதெல்லாம் கையால இழுத்துச் சுடறது, புள்ள. இது வேற."

"ஏனுங்க, நமக்குச் சுடறதுக்கு யாருங்க இருக்கறாங்க?" என்று சிரித்தாள். பழைய துப்பாக்கிகளைச் சேர்க்கிறவனே தவிர நான் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 16. சனி

இரண்டு பேரும் போனோம். வெஸ்லிக்கு எழுபது தாண்டியிருக்கும். மனைவி இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பிரென்னைக் கம்பளி விரித்த மேஜையில் வைத்திருந்தார். குண்டை உள்ளே தள்ளுகிற பூட்டை நான் கழற்றி மாட்டினேன். எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அரைத்த எஃகு. இன்றைக்கும் விரலில் எங்கேயும் தட்டவில்லை. வெஸ்லியும் நானும் இரண்டு மணி நேரம் பேசினோம். மயிலா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி சட்டம். படிவம், புகைப்படம், கைரேகை, வரி முத்திரை எல்லாம் மத்திய அரசாங்கத்துக்குப் போக வேண்டும். ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி கடையில்தான் இருக்கும். "எவ்வளவு நாள்?" என்றேன். "ஒன்பது மாதம். எங்கள் தொழிலில் இதைப் பிரசவம் என்போம்" என்றார் வெஸ்லி. மயிலா நன்றாகவே சிரித்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. பாவம், வெஸ்லிக்கு அது தெரியாது.

என் ஒருவன் பெயரில் எடுத்தால் துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டியின் எண் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டுமாம். வீட்டில் இன்னொருவர் அதைத் திறக்க முடிந்தால் அதுவே குற்றமாம். எங்கள் வீட்டில் பெட்டிக்கும் போனுக்கும் பேங்குக்கும் ஒரே எண்தான், கல்யாண நாள். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான். அதனால் டிரஸ்ட் ஒன்று எழுதி இரண்டு பேர் பெயரிலும் எடுப்பது என்று முடிவு. அவளும் படமும் ரேகையும் கொடுக்க வேண்டும்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "உலகத்துல அத்தன சாமான் இருக்கறப்ப, ஒம்பது மாசம் கழிச்சு வர்றதாப் பாத்து வாங்கறீங்க."

"சட்டம் அப்படி. நான் என்ன பண்ண?"

"சட்டந்தானுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஜனவரியில் இன்னும் இத்தனை மாதம் என்று ஒரு கணக்குச் சொன்னார். அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக வருவது தற்செயல்.

பிப்ரவரி 25. திங்கள்

கம்ப்யூட்டரில் நிரப்புகிற டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு கேள்வி: எங்கள் இருவரின் மரணத்துக்குப் பிறகு இது யாருக்கு? இந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு பெயரை டைப் செய்யக் கை வரவில்லை. ஒரு மனிதர் பெயரை எழுதினால் ஏதோ நாள் குறித்த மாதிரி ஆகிவிடும். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவிடவில்லை. யோசித்து, "முருகன், சென்னிமலை" என்று போட்டு அனுப்பினேன். ஊரில் சாமி பேரில் நிலம் இருக்கிறது, கடை இருக்கிறது, கோர்ட்டில் கேஸ்கூட நடக்கிறது. ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன?

வெஸ்லி இன்று போன் செய்தார். "மிஸ்டர் முருகன் உங்களுக்கு என்ன உறவு? பிறந்த தேதி வேண்டும். முகவரி மலை என்று இருக்கிறது." விளக்கினேன். "அவர் அமெரிக்கக் குடிமகனா?" என்று கேட்டார். மயிலா பக்கத்தில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

பிறகு அவளே சொன்னாள். "எனக்கப்புறம் நீங்க. உங்களுக்கப்புறம் அந்தக் கடைக்காரரே வெச்சுக்கட்டும். எழுதுங்க, ஒண்ணும் ஆகாது." வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெஸ்லி பெயரை எழுதினேன்.

மார்ச் 11. திங்கள்

கைரேகைக்காக ஷெரிஃப் அலுவலகம் போனோம். கிம்பர்லி என்று சட்டையில் பெயர் குத்திய பெண் அதிகாரி. என் பத்து விரலும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மயிலாவின் விரலை மையில் உருட்டி அட்டையில் வைத்தால் ஒரு கோடுகூட விழவில்லை. பத்துக் கட்டத்திலும் வெறும் கறுப்புத் திட்டு. துடைத்து, ஈரத்துணி வைத்து, மறுபடி உருட்டினார். அதே திட்டு.

"புற்றுநோய் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கிம்பர்லி மெதுவாகக் கேட்டார். சில மாத்திரைகள் உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையையே அழித்துவிடுமாம். மயிலா தலையாட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஒரு மாதமாக அவள் போன் விரலுக்குத் திறக்காமல் ஏன் எண் கேட்கிறது என்று. ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தேன்.

"களவாணித்தனம் பண்றதுன்னா இப்பப் பண்ணிக்கோணுங்க. யாரும் புடிக்க முடியாது" என்றாள் வெளியே வந்ததும்.

மார்ச் 15. வெள்ளி

இருக்கிற அட்டையையே வைத்துத் தபாலில் அனுப்பியாயிற்று. இன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஏப்ரல் 14. ஞாயிறு

சித்திரை ஒன்று. அரிசி பருப்புச் சாதம் நான்தான் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. அவள் கையில் கத்தி பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையும் பாதமும் சிவந்து வெடித்திருக்கின்றன. வெந்நீர் டம்ளரைத் துணி சுற்றித்தான் எடுக்கிறாள். வாசலில் கோலம் போடப் பார்த்தாள், மாவை விரல் பிடிக்கவில்லை. "அமெரிக்காவுல யாருங்க கோலத்தப் பாக்கறாங்க" என்று உள்ளே வந்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் கைக்கும் காலுக்கும் கிரீம் தடவிவிடுவது என் வேலை. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிற பொறுமையோடு போடுகிறேன் என்கிறாள். பிறகு ஃப்ரிட்ஜ் நோட்டைப் பார்ப்பேன். டிக் இருக்கும்.

மே 19. ஞாயிறு

புல் வெட்டினேன். ஆறு துப்பாக்கிகளையும் துடைத்தேன். படிவம் போய் அறுபத்தைந்து நாள் ஆகிறது.

ஜூன் 13. வியாழன்

நல்ல நாள். ஒப்புதல் வருவதற்கு முன்னால் வெஸ்லியின் துப்பாக்கி சுடும் மைதானத்தில், அவர் பக்கத்தில் இருந்தால், பிரென்னைச் சுட்டுப் பார்க்கலாம். வியாழக்கிழமைதான் மைதானம் காலி என்றார். மயிலாவுக்கும் இன்றுதான் டாக்டர். ஸ்கேன் பார்த்துவிட்டுப் பேசுவார். கூட வரட்டுமா என்றேன். "எப்பவும் பேசறதத்தான் பேசுவாங்க. கேரல் கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். கேரல் பக்கத்து வீட்டு அம்மாள்.

தரையில் படுத்து, கால் இரண்டையும் அகட்டி, துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அணைத்தேன். உடம்பு எதையும் மறக்கவில்லை. ஐந்து குண்டு சுட்டுவிட்டு விரலை எடுத்தேன். "உள்ளே இன்னும் இருபத்தைந்து இருக்கிறது" என்றார் வெஸ்லி. எனக்கு ஐந்துதான் கணக்கு என்று சொல்லி முகாம் கதையைச் சொன்னேன். அவர் தன் பட்டாளத்துக் கதையைச் சொன்னார். அங்கேயே சாண்ட்விச் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்தபோது மயிலா முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "எல்லாம் அப்படியேதான் இருக்குதுங்க. உங்க துப்பாக்கி என்ன சொல்லுச்சு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 30. ஞாயிறு

அவள் கையில் வெடிப்பு ஆறிவருகிறது. கிரீமை மாற்றினேன், அதுதான் காரணம். எதையும் ஒழுங்காகச் செய்தால் பலன் இருக்கும்.

ஜூலை 14. ஞாயிறு

மயிலா பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்புட்டு போட்டாள். மாவைத் தானே பிசைந்தாள், நான் பிசையப் போனால் விடவில்லை. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ரொம்ப நேரம் பிசைந்தாள். நான் ஆறு சாப்பிட்டேன். அவள் பாதி. பசி இல்லையாம். உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறாள், வெயில் காலம்.

ஜூலை 22. திங்கள்

கடிதம் வந்தது. கணவரின் ரேகை சரி, மனைவியின் ரேகை தெளிவில்லை, முப்பது நாளுக்குள் மறுபடி அனுப்பவும். வெஸ்லி கவலைப்பட வேண்டாம் என்கிறார். இரண்டாம் தடவையும் விழாவிட்டால் பெயரை வைத்தே பார்த்துக்கொள்வார்களாம். மயிலாவிடம் சொன்னேன். "அடுத்த மாசம் நடுவுல போலாங்க" என்று தேதிகூட அவளே குறித்தாள்.

ஆகஸ்ட் 13. செவ்வாய்

அதே கிம்பர்லி. மயிலாவின் வலது கட்டைவிரலை உருட்டி எடுத்தார். அட்டையில் அழகாகச் சுழி விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. பத்துக்குப் பத்து. நான் கை தட்டாத குறை. லேத்தில் பிசிர் இல்லாமல் சீவி எடுத்த மாதிரி ஒவ்வொரு கோடும் தனித்தனியாக இருந்தது.

கிம்பர்லி எழுந்து வந்து மயிலாவைக் கட்டிக்கொண்டார். "மருந்து முடிந்துவிட்டதா? வாழ்த்துகள்" என்றார். மயிலா "தேங்க் யூ" என்றாள். நானும் தேங்க் யூ என்றேன்.

காரில் அவள் விரல்களில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் 14. புதன்

ஃப்ரிட்ஜ் நோட்டைப் பார்த்தேன். நேற்று வரை டிக் இருக்கிறது. காலை மூன்று, மாலை மூன்று.

ஆகஸ்ட் 15. வியாழன்

அவள் குளிக்கப் போனபோது மாத்திரை அலமாரியைத் திறந்தேன். கடைசி டப்பாவில் மே 21 என்று தேதி. காலி. அதற்குப் பிறகு மாத்திரை வரவே இல்லை. டிக் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 17. சனி

கேட்டுவிட்டேன். காபி போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகு, டப்பாவை மேஜையில் வைத்து, "இது என்ன, மயிலா?" என்றேன்.

அவள் பதறவில்லை. "ஜூன்ல நிறுத்திட்டாங்க. கேக்கறதில்லையாம் அந்த மருந்து. கல்லீரல்ல பெருசாயிருச்சுன்னு படத்தக் காட்டுனாங்க."

"வேற மருந்து இல்லையா?"

"இருக்குதுங்க. ஆசுபத்திரில படுத்து ஏத்திக்கறது. ரெண்டு மாசம் சேத்திக் கெடைக்கும்னாரு. அந்த ரெண்டு மாசமும் வாந்தி எடுத்துட்டு அங்கேயே கெடக்கோணுமான்னு கேட்டேன். ஆமான்னாரு. நேர்மையான மனுசன். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். கையி ஆறட்டும், கொஞ்ச நாளைக்கு மாவாச்சும் பெசையலாம்னு தோணுச்சுங்க."

"அப்ப டிக் எதுக்குப் போட்ட?"

"நீங்க தெனமும் பாக்கறீங்கல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"அன்னைக்கு அஞ்சு குண்டு சுட்டேன்னு அத்தனை சந்தோசமா வந்தீங்க. எப்படீங்க சொல்றது? உங்க காயிதம் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த வெரலு காட்டிக் குடுத்துருச்சு."

அந்தப் படத்தை அவளிடம் காட்டியபோது நான் எங்கே இருந்தேன் என்பது ஜூன் 13-ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல நாள் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பில்லாத கை, பழைய கை. அதுவே தாங்கவில்லை.

ஆகஸ்ட் 20. செவ்வாய்

வெஸ்லிக்கு போன் செய்து படிவத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். காரணத்தைச் சொன்னேன். டிரஸ்ட் பெயரில் போனதால் திரும்பப் பெறவும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

தாளை மயிலாவிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போட மாட்டனுங்க."

"எனக்கு அந்தத் துப்பாக்கி வேண்டாம், மயிலா."

"எனக்கு வேணும். எம்பேருந்தானுங்க அதுல இருக்குது."

"உனக்கு எதுக்கு?"

"முப்பத்தாறு வருசமாப் பாக்கறேன். வேலைய வுட்டா வூடு, வூட்ட வுட்டா வேலை. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அதும் இல்ல. எங்கிட்டப் பேசறதத் தவிர நீங்க யாருகிட்டயும் பேசி நான் பாத்ததில்லீங்க. அந்த வெஸ்லிகிட்ட மட்டும் மணிக்கணக்காப் பேசறீங்க, சிரிக்கறீங்க. இத வேண்டாம்னுட்டா அந்தாளப் பாக்கப் போறதுக்கு உங்களுக்கு என்ன சோலி இருக்குது? கதவச் சாத்திட்டு உக்காந்துக்குவீங்க. அதுக்குத்தான் நான் மொதல்லயே கையெழுத்துப் போட்டது. துப்பாக்கியக் கண்டு இல்ல."

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் தற்செயல் என்று எழுதியிருந்தேனே, அது பொய். ஒன்பது மாதம் ஆகும் என்பது எனக்குக் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே தெரியும். அவள் பெயரும் சேர்ந்த ஒரு காரியம் நவம்பரில் முடிய வேண்டியிருந்தால் நவம்பர் வரை அவள் இருந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு மெஷின்காரன் போட்ட கணக்கு இது. அவளுக்கு அது அன்றைக்குக் காரிலேயே தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 29. ஞாயிறு

துப்பாக்கிகளைத் துடைக்கவில்லை. வாசலில் கோலம் போட்டாள். தரையில் குந்த முடியவில்லை, ஸ்டூல் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். எட்டுப் புள்ளி.

அக்டோபர் 18. வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தாயிற்று. கட்டிலைத் தூக்க வெஸ்லி வந்தார். மயிலா அவரிடம் தன் இங்கிலீஷில் என்னைப் பற்றி என்னவோ புகார் சொல்ல, அவர் குனிந்து கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்ன என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

நவம்பர் 5. செவ்வாய்

கஞ்சி இரண்டு கரண்டி. பேச்சு தெளிவாக இருக்கிறது. வலி மருந்தை நர்ஸ் கூட்டினார்.

நவம்பர் 19. செவ்வாய்

காலை பத்தரைக்கு வெஸ்லி கூப்பிட்டார். ஒப்புதல் வந்துவிட்டது. முத்திரை ஒட்டி, எங்கள் இருவர் பெயரும் டிரஸ்ட்டில் இருக்க, ஒரு திருத்தமும் இல்லாமல் வந்திருக்கிறது. எட்டு மாதம் நான்கு நாள். கடை ஆறு மணி வரை திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மயிலாவிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "வந்துருச்சுங்களா" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, நான் கற்பனை செய்யவில்லை.

கேரல் வந்து பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். போக ஒரு நாற்பது நிமிடம், வர ஒரு நாற்பது நிமிடம். அவள் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் எங்கே கிளம்பினாலும் அவள் வேறு எதுவும் சொன்னதில்லை. சாவியை எடுத்து, ஷூ மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ள வந்து குனிந்தேன்.

"நாளைக்குப் போலாங்க" என்றாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு இருங்க."

வாசலில் நின்று வெஸ்லிக்கு போன் செய்தேன். இன்றைக்கு வரவில்லை என்றேன். கேரலை வீட்டுக்கு அனுப்பினேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.